பில்லில் ஒளிந்திருக்கும் வரி – இந்தியாவோடு கொடுக்கல் வாங்கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் சாறி, சுரிதார் எடுத்து விற்கிறேன். 2025 செப்டெம்பரில் இந்தியாவில் ஜிஎஸ்டி (பொருட்கள், சேவைகள் வரி) குறைந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். என் முகவர் ஒரு சதமும் குறைக்கவில்லை. "அது உங்களுக்குப் பொருந்தாது காக்கா" என்கிறார். ஏமாற்றுகிறாரா?
– புடவைக்கடை உரிமையாளர், காத்தான்குடி

பதில்: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், உங்களை மடக்கும் பேச்சாகவும் இருக்கலாம். பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் மாறியது என்ன? 2025 செப்டெம்பர் 22 முதல் தைத்த ஆடை ஒன்றின் விலை 2,500 இந்திய ரூபா வரை இருந்தால் வரி 5 வீதம், அதைத் தாண்டினால் 18 வீதம். முன்பு எல்லை 1,000 ரூபாவாக இருந்தது, அதற்கு மேல் 12 வீதம். ஆக 2,400 ரூபா சுரிதாரில் வரி 288 இலிருந்து 120 ஆக இறங்கியது. 2,600 ரூபா சுரிதாரிலோ 312 இலிருந்து 468 ஆக ஏறிவிட்டது. சாறி தைக்காத துணி என்ற கணக்கில் வருவதால் விலை எதுவானாலும் 5 வீதம்தான். அதில் முன்பும் 5, இப்போதும் 5. சாறியில் விலை குறையவில்லை என்று அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

இதெல்லாம் இந்தியாவுக்குள் விற்கும் சரக்குக்கு. ஏற்றுமதிக்கு அங்கே வரி பூச்சியம். 2017 இல் ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஏற்றுமதியாளர் 'எல்யூடி' என்ற உறுதிக் கடிதத்தை இணையத்தில் கொடுத்துவிட்டு வரி கட்டாமல் அனுப்பலாம், அல்லது கட்டி அனுப்பிவிட்டுத் திரும்பப் பெறலாம். ஆகவே முறையான ஏற்றுமதி பில்லில் உங்களுக்கு 2,400 ரூபா சுரிதார் அன்றும் 2,400 தான், இன்றும் 2,400 தான். முகவர் இந்தக் கணக்கில் பேசினால் அவர் சொல்வது சரி.

கடைகடையாக உள்நாட்டு பில்லில் வாங்கி, அந்த வரியை விலைக்குள் புதைத்து உங்களுக்கு அனுப்பினால் கதை வேறு. அவர் கட்டிய வரியை அங்கே திரும்பப் பெறுவார், உங்களிடமும் வாங்கியிருப்பார். அதோடு முடியாது. கொழும்பில் சுங்கம் கணக்கிடுவது பில் விலையோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. அதற்கு மேல் தீர்வைகள், எல்லாம் சேர்ந்ததன் மேல் 18 வீத வற். இந்திய வரிக்கும் சேர்த்து இங்கே வரி கட்டுகிறீர்கள்.

எனவே அடுத்த சரக்குக்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். பில்லில் 'எல்யூடியின் கீழ் ஒருங்கிணைந்த வரி செலுத்தாமல் ஏற்றுமதி' என்ற வாசகம் இருக்கிறதா? எல்யூடி இந்த நிதியாண்டுக்கானதா? அது மார்ச் 31 உடன் காலாவதியாகிவிடும். ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்பும் சரக்கில்தான் இந்தப் பிழை அதிகம் நடக்கிறது. அவர் பலரிடம் வாங்கிச் சேர்த்து அனுப்பும் வணிக ஏற்றுமதியாளர் என்றால் 0.1 வீத வரியிலேயே கொள்முதல் செய்ய வழி உண்டு. நிபந்தனை, கொள்முதல் பில் திகதியிலிருந்து 90 நாளுக்குள் சரக்கு நாட்டை விட்டுப் போக வேண்டும், விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் இந்தியச் சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரமான கப்பல் பட்டியலில் ஏற வேண்டும். பில் எண்ணில் ஒரு கோடோ சைபரோ மாறினாலும் சுங்கக் கணினியும் ஜிஎஸ்டி கணினியும் ஒத்துப்போகாது, அவருடைய பணம் தொங்கிவிடும். "வரி திரும்பி வரவில்லை, விலையைக் கூட்டுகிறேன்" என்று வரும் பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த எழுத்துப் பிழைதான் இருக்கும். அது உங்கள் தலையில் விழ வேண்டிய செலவல்ல.

பெட்டியில் போட்டுக் கொண்டுவருவோருக்கு ஒரு வார்த்தை: சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தர இந்தியச் சட்டத்தில் ஒரு பிரிவு எழுதி வைத்திருக்கிறார்கள். நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. விமான நிலையத்தில் கவுண்டர் தேட வேண்டாம்.

கேள்வி: அம்மாவைச் சிகிச்சைக்காகத் தமிழ்நாட்டுக்குக் கூட்டிப் போகிறோம். ஆஸ்பத்திரி பில்லிலும் ஜிஎஸ்டி உண்டா? மருந்து விலை குறைந்ததாமே?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சிகிச்சைக்கும் சத்திரசிகிச்சைக்கும் வரி இல்லை. அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாவைத் தாண்டினால் அந்த வாடகைக்கு மட்டும் 5 வீதம்: 6,000 ரூபா அறைக்கு நாளுக்கு 300. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இது கிடையாது. வெளியே தங்கும் லொட்ஜில் நாள் வாடகை 7,500 வரை 5 வீதம்.

வார்டில் படுத்திருக்கும்போது ஆஸ்பத்திரியே கொடுக்கும் மருந்து சிகிச்சையோடு சேர்ந்தது, தனி வரி வராது. வெளி பாமசியில் வாங்குவதில் பெரும்பாலான மருந்துக்கு 12 வீதம் 5 ஆனது. அட்டையில் அச்சிட்ட உச்ச விலை வரியும் சேர்ந்தது, அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று கூட்டினால் கொடுக்காதீர்கள். பழைய இருப்பில் பழைய விலையே அச்சாகியிருக்கலாம். 112 ரூபா என்று போட்ட அட்டைக்குப் புதிய கணக்கில் 105 தான். "திருத்திய விலைப்பட்டியலில் பாருங்கள்" என்று சொன்னால் போதும்.

கேள்வி: கல்லடி வீட்டிலிருந்தே சென்னைக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன், வயது 24. மாதம் 50,000 இந்திய ரூபா. ஆனால் 10,400 வெட்டிக்கொண்டு அனுப்புகிறார்கள். இனி 18 வீத ஜிஎஸ்டியும் வெட்டுவோம் என்கிறார்கள்.
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: தம்பி, 10,400 என்பது வெளிநாட்டவரின் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு இந்தியச் சட்டம் போடும் 20 வீதமும் அந்த வரியின் மேல் 4 வீத செஸ் என்ற கூடுதல் வரியும். இலங்கை–இந்திய இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் 2013 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உச்சம் 10 வீதம், செஸ் இல்லை. 5,000 தான் வெட்டலாம். ஆனால் சலுகை தானாக வராது, கடதாசி கொடுக்க வேண்டும்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி அடையாள இலக்கம் எடுத்து, வரிக் கணக்கில் நீங்கள் இலங்கை வதிவாளர் என்று காட்டும் வதிவிடச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இரு நாட்டு வரி ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால் ஒரு சான்றிதழ் ஓராண்டுக்குச் சரியாகப் பொருந்தும். பிறகு ஒப்பந்தச் சலுகை கேட்கும், '10எஃப்' என்று பழகிய படிவத்தை இந்திய வருமான வரித் தளத்தில் நிரப்புங்கள், பான் எண் (இந்திய வருமான வரி எண்) இல்லாத வெளிநாட்டவரும் அங்கே பதியலாம். 1961 சட்டத்தை நீக்கிவிட்டு 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததில் பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பழைய காணொளியைப் பார்த்து நிரப்பாமல், படிவ எண்ணைக் கம்பனிக் கணக்காளரிடம் கேளுங்கள். இந்தியாவில் உங்களுக்கு நிரந்தர அலுவலகம் இல்லை என்று ஒரு கடிதமும் வேண்டும்.

ஜிஎஸ்டி பேச்சு தவறு. வெளிநாட்டுச் சேவைக்கான 18 வீதத்தை வாங்குபவரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் கூலியில் கை வைக்க முடியாது.

இங்கே 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம், பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே வந்தால். இந்தியாவில் வெட்டியதற்குக் இங்கே கழிவு கேட்க, வரி வெட்டியதற்கான கம்பனியின் சான்றிதழ் தேவை. உறவினர் கணக்குக்குப் போட்டு, வங்கி வழியில்லாத உண்டியலில் எடுத்தால் இரண்டும் போய்விடும்.

கேள்வி: திருச்சியில் ஒரு பிளாட் வாங்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வீடோ காணியோ வாங்க முடியாது. 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகை எடுக்கலாம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் வாங்க இயலாது. அங்குள்ள மாமா பெயரில் வாங்கி வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பினாமிச் சட்டம் 2016 இல் கடுமையாக்கப்பட்டது, சொத்துப் பறிபோவதோடு 1 முதல் 7 ஆண்டு வரை சிறை.

கேள்வி: எங்கள் கைத்தறித் துணியைச் சென்னை வியாபாரி எடுக்கிறார். இலங்கை–இந்திய சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் தீர்வைச் சலுகைக்கான சான்றிதழ் கொடுத்தும் அங்கே சுங்கத்தில் மறித்து, நூல் கணக்குக் கேட்கிறார்கள். நூல் இந்தியாவிலிருந்து வந்ததுதான். அதனால் சலுகை போய்விடுமா?
– நெசவாளர், மருதமுனை

பதில்: நூல் இந்தியாவுடையது என்பதால் மட்டும் போகாது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தில் இரண்டு சோதனை. ஒன்று, நான்கு இலக்கப் பொருட்குறியீடு மாற வேண்டும். பருத்தி நூல் 5205, நெய்த துணி 5208. தறியில் ஏறியதுமே அது தீர்ந்தது. மற்றது, துறைமுக விலையில் (கப்பலில் ஏற்றும் வரையான விலை) 35 வீதமாவது இலங்கையில் கூடிய பெறுமதியாக இருக்க வேண்டும்.

துறைமுக விலை 2,000 ரூபா என்று வைப்போம். இந்திய நூல் 900, வேறு நாட்டுச் சாயம் 200. வெளிச்சரக்கு 1,100, மீதி 45 வீதம் இலங்கையுடையது. தாராளம். நூல் விலை ஏறி 1,300 ஆகி, சாயம் 100 என்றால் நம்முடையது 30 வீதம்தான். அங்கேயும் வழியுண்டு: இந்தியப் பொருளைச் சேர்த்துக் கணக்கிடலாம், இலங்கைப் பங்கு 25 வீதத்துக்குக் குறையாமலும் கூட்டுத்தொகை 35 க்குக் குறையாமலும் இருந்தால் சரி. அப்படிச் சேர்த்தால் அந்த நூல் இந்தியாவில் செய்ததுதான் என்பதற்கும் பில் இருக்க வேண்டும். இந்தியக் கடையில் வாங்கிய சீன நூல் இந்திய நூலாகாது.

மறிப்பதற்குக் காரணம் 2020 செப்டெம்பரில் வந்த இந்தியச் சுங்க விதி. இறக்குமதி செய்பவரே உற்பத்தி முறை, மூலப்பொருள், பெறுமதிக் கணக்கு எல்லாவற்றையும் கையில் வைத்து 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும், கேட்டால் 10 வேலைநாளில் கொடுக்க வேண்டும். 2025 மார்ச்சில் 'சான்றிதழ்' என்ற சொல்லையே 'பிறப்பிட ஆதாரம்' என்று மாற்றினார்கள். கொழும்பு வர்த்தகத் திணைக்களம் தந்த தாளை மட்டும் நீட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு சரக்கோடும் ஒரு பக்கச் செலவுத்தாளை அனுப்புங்கள்: நூல் எத்தனை கிலோ, எந்த பில், சாயம், நெசவுக் கூலி, மடிப்பு, பொதி, துறைமுகம் வரை லொறி. நெசவுக் கூலியைக் கொப்பியில் எழுதாமல் கையோடு கையாகக் கொடுக்கும் பழக்கம்தான் இங்கே குழி தோண்டுகிறது. உங்கள் பெறுமதியில் பெரிய பங்கே அதுதான், எழுத்தில் இல்லையென்றால் கணக்கில் இல்லை. துணி வகைகள் எல்லாவற்றுக்கும் முழு விலக்கு கிடையாது, சிலவற்றுக்குத் தீர்வையில் ஒரு பகுதியே தள்ளுபடி. விலை பேசுமுன் வியாபாரியிடம் 8 இலக்கக் குறியீட்டை வாங்கி, திணைக்களத்தில் அதைக் காட்டிக் கேளுங்கள். இப்போது மறித்திருக்கும் சரக்கை, தீர்வை வித்தியாசத்துக்குப் பிணை வைத்துத் தற்காலிகமாக விடுவிக்க அவர் விண்ணப்பிக்கலாம். கிடங்கு வாடகை நாள்கணக்கில் ஏறுகிறது, அதை இன்றே செய்யச் சொல்லுங்கள்.