சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

கேள்வி: சிங்கப்பூர்லேருந்து நியூயார்க்கோட ஜே.எஃப்.கே. ஏர்போர்ட்டுக்கு 15,300 கி.மீ.ன்னு நெட்ல போட்டிருக்கு. இதை எப்படி சார் கணக்குப் போடுறாங்க?

பதில்: பேனாவும் பேப்பரும் இருந்தால் நீங்களே போடலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 104 பாகை (டிகிரி) கிழக்கில் இருக்கிறது, ஜே.எஃப்.கே. 74 பாகை மேற்கில். கூட்டினால் 178; 180 என்றால் பாதி உருண்டை. கிட்டத்தட்ட உருண்டையின் நேர் எதிர்ப்பக்கம். அப்படி அமைந்துவிட்டால் குறுக்குவழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். துருவம் 90 பாகை வடக்கு; அதிலிருந்து ஊரின் வடக்குப் பாகையைக் கழித்தால் சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. வைத்துப் பெருக்குங்கள், 15,346 வரும்.

கேள்வி: துருவமா? நான் போனப்ப ஸ்கிரீன்ல ஜப்பான் பக்கமா, பசிபிக் மேலல்ல காட்டுச்சு!

பதில்: அதுவும் சரிதான். பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். 900 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளினால் தரைக்கணக்கில் 1,100 கிடைக்கும். சுற்றிப் போனாலும் சீக்கிரம் போய்விடலாம், எரிபொருளும் மிச்சம். அதனால் அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் வழி போடுவார்கள். போன வழியிலேயே திரும்புவார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நெட்டில் காட்டும் கி.மீ. வெறும் அளவுகோல்தான்; விமானம் பறக்கிற தூரம் வேறு.

கேள்வி: 15,346ஐ 900ஆல வகுத்தா 17 மணி நேரம்தானே? டிக்கெட்ல 18க்கு மேல போட்டிருக்கே?

பதில்: டிக்கெட்டில் இருப்பது கேட்டிலிருந்து கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, சுற்றுவழி எல்லாம் அதில் அடக்கம். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியபோது, முதல் விமானம் நியூயார்க்கை ஒட்டியுள்ள நெவார்க் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர 17 மணி 52 நிமிடம் எடுத்தது. காற்று ஒத்துழைத்தால் அப்படி.

கேள்வி: 10ஆம் தேதி நடுராத்திரி 12 மணிக்குக் கிளம்பினா என்னைக்கு இறங்குவேன்?

பதில்: அதே 10ஆம் தேதி, விடிகாலை! கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் 13. திரும்பும்போது இந்த லாபத்தைக் கழித்துவிடுவார்கள்: காலையில் ஏறினால் மறுநாள் சாயங்காலம்தான் சாங்கி. கூட்டிப்போக வருபவரிடம் தேதியைச் சொல்லும்போது கவனம்.

கேள்வி: அண்ணா, அம்மாவை அனுப்பணும். நேரடி விமானத்துல எகானமியே காட்டலையே?

பதில்: கிடையாதும்மா. ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ரகம். ஒரே மூச்சில் போக 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் கொள்ளும். அந்தக் கனத்தோடு ஆளையும் அடைக்க முடியாது என்று 161 இருக்கைதான்: 67 பிசினஸ், மீதி பிரீமியம் எகானமி. எகானமியே போதுமென்றால் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானத்தைப் பாருங்கள். சில மணி நேரம் கூடும். ஆனால் முட்டி வலி உள்ளவர் நடுவில் காலை நீட்டி நாலு அடி நடக்கலாமே! என் அம்மாவாக இருந்தால் அதில்தான் அனுப்புவேன்.