டெக்சாஸின் ஜூலை வெயிலில் மான் வேட்டைக்குப் போகலாமா? கறி கெட்டுவிடாதா?

கெர்வில் பக்கம் பண்ணை வைத்திருக்கும் அலுவலக நண்பர் ஜூலையில் புள்ளிமான் வேட்டைக்கு அழைப்பதாகவும், நாற்பது டிகிரியைத் தொடும் வெயிலில் இது நடக்கிற காரியமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். ஆனால் குளிர்காலத்தில் மானைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கோடையிலோ மான் விழுந்த பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது. எந்த நேரத்தில் சுடுவது, எவ்வளவு தொலைவில் சுடுவது, எந்த மானைப் போகவிடுவது என்பதையெல்லாம், கறி எவ்வளவு விரைவில் ஐஸ் பெட்டிக்குள் போகும் என்ற கணக்குத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் சட்டம். டெக்சாஸின் சொந்த மானாகிய வெள்ளைவால் மானை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் வேட்டையாட முடியும். ஜூலையில் அதைச் சுடுவது குற்றம். உங்கள் நண்பர் ஆக்சிஸ் என்று சொல்வது நம் முதுமலையில் மேயும் அதே புள்ளிமான். 1932 வாக்கில் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்ட இது, பிறகு வேலி தாண்டிப் பெருகி, இன்று கெர்வில் இருக்கும் ஹில் கண்ட்ரி என்னும் மலைப்பாங்கான பகுதியில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. அயல்நாட்டு விலங்கு என்பதால், தனியார் நிலத்தில் உடைமையாளரின் அனுமதியோடு ஆண்டு முழுவதும் இதை வேட்டையாடலாம். இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பையும் மாநில அரசு விதிக்கவில்லை. வேட்டை உரிமம் மட்டும் கட்டாயம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாக வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. செல்லத்தக்க வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளுள் ஒன்று. ஆகவே உரிமத்தை வாங்கிய பிறகே சுடும் பயிற்சிக்குப் போங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதே மானைச் சுட்டவர் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால், ஊரில் இருக்கும் உறவினர்களுக்குப் படம் அனுப்பும்போது இந்த விவரத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவது நல்லது.

வெயில் இந்த மானுக்குப் புதிதல்ல. அதற்கு எதிரி குளிர்தான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்துபோனபோது ஏராளமான புள்ளிமான்கள் மடிந்தன. இங்கே அவற்றின் இணைசேரும் பருவம் மே நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சத்தில் இருக்கிறது. ஜூலையில் வெள்ளைவால் ஆண்மானின் கொம்பு இன்னும் மென்தோல் மூடி வளர்ந்துகொண்டிருக்க, புள்ளிமான் கிடாய்களில் பல முற்றிய கொம்போடு அடித்தொண்டையிலிருந்து கத்திக்கொண்டு பிணைகளை, அதாவது பெண் மான்களை, துரத்தும். அந்தக் குரலை வைத்தே கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கணிக்கலாம். இருந்தாலும் வெயில் ஏறிவிட்டால் அவை ஓடைக்கரைக் கருவாலி மரங்களின் நிழலில் படுத்துவிடும். எனவே விடிந்த முதல் ஒரு மணி நேரமும் பொழுது சாயும் கடைசி ஒரு மணி நேரமும்தான் உங்களுக்குரியவை. மழையில்லாத வாரங்களில் மாட்டுக்குத் தண்ணீர் தேக்கும் குட்டையை, காற்று உங்கள் வாடையை மானிடம் கொண்டுபோகாத பக்கத்தில் இருந்து கவனிப்பது, காடெல்லாம் சுற்றுவதைவிடப் பலன் தரும்.

பெரும்பாலோர் மாலை வேளையைத்தான் சிபாரிசு செய்வார்கள். புதியவருக்கு நான் காலையைத்தான் சொல்வேன். மாலையில் கடைசி வெளிச்சத்தில் சுட்ட மான் நூறடி ஓடி முட்புதருக்குள் விழுந்தால், டார்ச் வெளிச்சத்தில் இரத்தத் துளிகளைத் தேடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கறி வெந்துகொண்டிருக்கும். குளிர்காலமாக இருந்தால், வயிற்றில் குண்டு பட்ட மானை உடனே துரத்தாமல், அது படுத்து அடங்கட்டும் என்று பல மணி நேரம், சில சமயம் மறுநாள் காலை வரைகூடக் காத்திருப்பார்கள். கோடையில் அப்படிக் காத்திருந்தால் கெட்டுப்போன உடல்தான் மிஞ்சும். அதிலும் பாதியை ஓநாய் போன்ற கயோட்டிகள் தின்றிருக்கும். ஆகவே முன்னங்கால் சப்பைக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டுக்குள் குண்டு போகும் என்ற உறுதி இல்லாத எந்த மானையும் சுடாதீர்கள்.

மான் விழுந்ததும் படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். உயிரோடு இருந்தபோது அதன் உடல் வெப்பம் 38, 39 டிகிரி. வெளிக்காற்றும் அதே அளவில் இருக்கும்போது, தோலோடு கிடக்கும் உடல் தானாகக் குளிர வழியே இல்லை. பாக்டீரியா பெருகாமலிருக்கக் கறியை 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். குடலையும் இரைப்பையையும் கத்தி படாமல் உடனே வெளியே எடுத்து, நிழலுக்குக் கொண்டுபோய்த் தொங்கவிட்டு, தோலை உரித்து, தொடை, சப்பை, முதுகுக்கறி என்று பிரித்துவிடுங்கள். கறியில் ஈ உட்கார்ந்தால் நொடியில் முட்டை வைத்துவிடும் என்பதால், பிரித்த துண்டுகளை மெல்லிய துணிப் பைகளில் போட்டுக்கொள்வது வழக்கம்.

கறி முதலில் கெடுவது பின்னந்தொடையின் உள்ளேதான். தொடையெலும்பின் பந்து இடுப்புக் குழியில் பொருந்தும் இடத்தில் சதை மிகத் தடிமனாக இருக்கும். மேலே சில்லிட்டுவிட்ட தொடையிலும் அந்த மூட்டைக் கத்தியால் பிளந்து விரலை நுழைத்தால் உள்ளே சூடு தெரியும். சில மணி நேரம் அப்படியே விட்டிருந்தால் புளித்த வாடையும், பச்சை கலந்த சாம்பல் நிறமும் எலும்பை ஒட்டித் தென்படும். அந்த மூட்டைத் திறந்துவிடுங்கள், முடிந்தால் எலும்பையே நீக்கிவிடுங்கள். ஐஸ் பெட்டியின் வடிகுழாயைத் திறந்து வைத்து, பெட்டியைச் சற்றுச் சாய்த்து நிறுத்துங்கள். உருகிய தண்ணீரில் ஊறும் கறி வெளுத்துச் சுவையிழக்கும். செத்த உடலில் விறைப்பு ஏறும் முன்பே மிகையாகக் குளிர வைத்தால் தசை சுருங்கிக் கறி கடினமாகும் என்று சிலர் எச்சரிப்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஜூலையில் அதற்காகத் தாமதிப்பதைவிட, குளிர வைத்த கறியை இரண்டு மூன்று நாள் ஐஸிலேயே வைத்திருந்து மென்மையாக்கிக்கொள்ளலாம். இந்தக் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறிக்கு ஊற்றுவதைவிடக் கூடுதலாக நல்லெண்ணெய் கேட்கும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் மானை மறந்துவிட்டு நிழலுக்கு வாருங்கள். கிலுகிலுப்பைப் பாம்புகளும் விடியலிலும் அந்தியிலும் நடமாடும் என்பதால், இரத்தத் தடத்தைப் பார்த்தபடியே புதருக்குள் காலை வைக்காதீர்கள்.

கிளம்பும் முன் நண்பரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பண்ணையில் குளிர் அறை இருக்கிறதா, மான் விழும் இடம்வரை வண்டி போகுமா, பக்கத்து ஊரில் வேட்டைக்கறி வெட்டித் தரும் கடை நீங்கள் போகும் நாளில் திறந்திருக்குமா. மூன்றில் இரண்டுக்காவது ஆம் என்று பதில் வந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால், கொம்பைவிடக் கறிதான் உங்களுக்கு முக்கியம் என்கிற பட்சத்தில், நவம்பர் வரை பொறுத்திருந்து ஒரு பிணைமானுக்கு அனுமதி கேளுங்கள்.