நமத்த ஓடும் கருகிய கறியும்

அன்புள்ள அக்காவுக்கு,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பம் ஓசூரிலிருந்து வந்திருந்தது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று வீட்டிலேயே மாம்பழ டார்ட்டும் (மாவு ஓட்டைச் சுட்டு, அதில் கஸ்டர்டும் பழமும் வைக்கிற பலகாரம்), குச்சியில் கோத்துச் சுட்ட சிக்கனும் செய்தேன். வீடியோவில் சொன்ன அளவு ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. ஆனால் மாவைத் திரட்டும்போதே வெண்ணெய் உருகிக் கையோடு வந்தது. வெந்த ஓடு முதலில் நன்றாகத்தான் இருந்தது. கஸ்டர்டு ஊற்றி, செந்தூரா மாம்பழத்தை அரிந்து அடுக்கி, மூன்று மணி நேரம் கழித்து வெட்டினால் அடி முழுக்க நமத்துவிட்டது. கரண்டியால் அள்ளித்தான் போட்டேன். சிக்கன் வெளியே கரி, உள்ளே பச்சை. மாமியார் கோபப்படவில்லை. “பழத்த அப்படியே அறுத்து வெச்சிருந்தா ஆளுக்கு ரெண்டு துண்டு திருப்தியா தின்னிருப்போமே கண்ணு” என்றார், அவ்வளவுதான். அது இன்னும் மனசில் கிடக்கிறது. இதெல்லாம் நம் ஊர் வீட்டுக்கு ஒத்துவராத சமையலா? விட்டுவிடட்டுமா?

ம., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ம.,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கைப்பிசகு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நீங்கள் பார்த்த செய்முறை வேறொரு ஊர் அடுக்களைக்காக எழுதியது. அந்த ஊரில் மேசைமேல் வைத்த வெண்ணெய் நாள் முழுக்கக் கெட்டியாகவே இருக்கும். டார்ட்டில் வைக்கிற பழமும் ஆப்பிளோ பேரிக்காயோதான், அறுத்தால் சாறு வடியாது. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருக ஆரம்பித்துவிடும். மாம்பழக் காலத்து மதியத்தில் நம் சமையலறை அடுப்பு பற்றவைக்கும் முன்பே அந்தச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. அளவு பிசகாமல் செய்தீர்கள், சரி. சூட்டையும் தண்ணீரையும் அந்த அளவுக்குள் யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் டார்ட் கெட்டதும் கறி கெட்டதும் இந்த இரண்டால்தான்.

முதலில் ஓடு. மைதாவில் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய ஒரு இழுவை வரும். பரோட்டாவுக்கு அந்த இழுவைதான் உயிர். டார்ட்டுக்கு அது ஆகாது. குளிர்ந்த வெண்ணெய் மாவின் மேல் பூசிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதால்தான் ஓடு பொறுபொறுவென்று உடைகிறது. வெண்ணெய் உருகினால் மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று இன்னும் மாவு தூவுவோம், இன்னும் பிசைவோம். கடைசியில் வருவது வறட்டி மாதிரி ஒன்று. அதனால் இந்த வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாவையும் கிண்ணத்தையும்கூட முந்தின இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். விரல் நுனியால் உதிர்த்து, புட்டு மாவு பதத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். உள்ளங்கை படக் கூடாது. உள்ளங்கைச் சூடே போதும் காரியத்தைக் கெடுக்க.

நான் எடுக்கும் அளவு இது: மைதா 120 கிராம், ராகி மாவு 40 கிராம், வெண்ணெய் 80 கிராம், பொடித்த சர்க்கரை 40 கிராம், ஒரு மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு. சேர்ந்து வராவிட்டால் ஒரு கரண்டி குளிர்ந்த பால். எட்டங்குலத் தட்டுக்குச் சரியாக இருக்கும். ராகி எதற்கு என்று கேட்பீர்கள். நம் பக்கம் களிக்கு அரைத்த மாவு இல்லாத வீடு உண்டா? ராகியில் அந்த இழுவைச் சத்து கிடையாது. அதனால் ஓடு தானாகவே பொறுபொறுப்பாகும். பச்சை வாசனை போக லேசாக வறுத்து, நன்றாக ஆறவைத்துச் சேருங்கள். வெந்து வரும்போது ஒரு வறுபட்ட மணம் வரும் பாருங்கள், மைதா மட்டும் போட்டால் அது கிடைக்காது. ஆனால் கால் பங்குக்கு மேல் ராகி போகக் கூடாது. போனால் தூக்கும்போதே உதிரும்.

திரட்டிய மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கழுவிக் காயவைத்த இரண்டு பால் கவர்களை அறுத்து விரித்து, நடுவில் வைத்துத் தேய்த்தால் ஒட்டாது. தட்டில் பரப்பியதும் முள்கரண்டியால் குத்தி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன்மேல் கொள்ளுப் பயறைக் கொட்டிப் பாரம் வையுங்கள். 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். பிறகு கொள்ளுப் பயறையும் பேப்பரையும் எடுத்துவிட்டு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஓவன் இல்லை என்றால் அடிகனமான பாத்திரத்தில் இரண்டு அங்குலத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவிட்டு அதில் சுடலாம். நேரம் கொஞ்சம் கூடும். நான் பல வருடம் அப்படித்தான் சுட்டேன்.

பெரும்பாலானவர்கள் பாரத்தை எடுத்த பிறகு வரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஓரம் சிவந்ததும் வெந்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். நடு அடி வெளுப்பாகவே இருக்கும். வெளுப்பு என்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஆறிய ஓட்டைத் தூக்கி அடியில் நகத்தால் தட்டிப் பாருங்கள். பொரித்த அப்பளத்தைத் தட்டுகிற மாதிரி ‘டக்’ என்று கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினால் மறுபடி உள்ளே வையுங்கள், ஒன்றும் ஆகாது. பிறகு முட்டையின் வெள்ளைக் கருவை உள்பக்கம் ஒரு கை பூசி, இரண்டு நிமிடம் சூட்டில் காட்டினால் ஒரு மெல்லிய தோல் கட்டும். கஸ்டர்டின் ஈரம் இறங்காமல் அது காக்கும்.

இனிப் பழம். செந்தூரா தின்ன அருமையான பழம். எனக்கும் சீசனில் முதல் ஆசை அதன்மேல்தான். ஆனால் சாறு அதிகம். மேலே சர்க்கரை பட்டால் இன்னும் நீர் விடும். அடுக்கி வைக்கிற துண்டுக்கு நம் பெங்களூராவைவிட நல்ல பழம் இல்லை. கிளிமூக்கு என்பார்களே, அதுதான். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கூழ் தொழிற்சாலைகளுக்கு லாரி லாரியாகப் போவதும் அதுதான். ருசியில் மற்ற பழங்களுக்குப் பின்னால் நிற்கிறது என்று வீட்டில் யாரும் அதை மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சதை கெட்டி, நார் குறைவு, இனிப்போடு ஒரு புளிப்பு. அந்தப் புளிப்பு கஸ்டர்டின் இனிப்புக்கு எதிரே நின்று பேசும். முழுக்கப் பழுத்ததை எடுக்காதீர்கள். செங்காய்ப் பதம் தாண்டி, காம்பருகில் முகர்ந்தால் வாசம் வருகிற பழமாக எடுங்கள். எங்கள் அம்மா கண்ணால் பார்த்துப் பழம் வாங்கியதே இல்லை, முகர்ந்துதான் வாங்குவார். கார்பைடு கல்லில் பழுக்கவைத்த பழம் வெளியே மஞ்சளாக இருக்கும், காம்பில் வாசம் இருக்காது. அந்தக் கல்லைச் சட்டமே தடை செய்திருக்கிறது, டார்ட்டுக்கும் ஆகாது.

கஸ்டர்டுக்கு ஏதாவது மணமுள்ள பழத்தின் கூழ் எடுக்கலாம். அதைத் தனியாக அடுப்பில் வைத்து, பாதியாகச் சுண்டும்வரை கிளறிவிட்டுப் பிறகு கலக்குங்கள். கால் லிட்டர் பாலுக்கு இரண்டு மஞ்சள் கரு, 50 கிராம் சர்க்கரை, 20 கிராம் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்). கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் விடாமல் கிளற வேண்டும். பழத்துண்டுகளை வெள்ளைத் துணியில் பத்து நிமிடம் பரப்பி ஈரம் ஒற்றி எடுங்கள். எல்லாம் தனித்தனியாகத் தயாராக இருக்கட்டும். விருந்தாளிகள் கை கழுவ எழுந்திருக்கும்போது அடுக்கினால் போதும். மூன்று மணி நேரம் முன்னால் அடுக்கியதுதான் டார்ட்டில் உங்களுக்கு நடந்த ஒரே தப்பு.

மாமியார் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, ம. நல்ல இமாம்பசந்தையோ மல்கோவாவையோ யாராவது டார்ட்டில் வைத்தால் நானே சண்டைக்குப் போவேன். அந்தப் பழங்களை அறுத்துத் தட்டில் வைப்பதுதான் மரியாதை. அடுத்த முறை இரண்டையும் செய்யுங்கள். டார்ட்டுக்குப் பெங்களூரா, மாமியார் தட்டுக்கு ஒரு மல்கோவா.

கறிக்கு வருகிறேன். நெருப்பில் கறி சுடுவது நமக்குப் புதிதா என்ன? உப்புக்கண்டத்தை நூலில் கோத்து வெயிலில் காயவைத்து, மழைக்காலத்தில் தணலில் வாட்டித் தின்ற பாட்டிகளின் பேத்திகள் நாம். கிருஷ்ணகிரி ஊருக்குள் ரம்ஜான் மாதத்து மாலையில் நடந்து பாருங்கள், கம்பியில் கோத்த சீக் கபாப் வாசம் தெருமுனைவரை வரும். ஆகவே ஊருக்கு ஒத்துவருமா என்ற கேள்வியே வேண்டாம்.

உங்கள் கறி கருகக் காரணம், சுவாலை அடங்கும் முன் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். கரி பற்றி எரிந்து முடிந்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் தணல். இஸ்திரி போடுகிறவரிடம் கேட்டால் நல்ல கரி எங்கே கிடைக்கும் என்று சொல்வார். தணலுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைப் பிடித்து நிதானமாக எண்ணுங்கள். ஐந்து வரை தாங்கினால் சரியான சூடு. இரண்டிலேயே கை சுட்டால் காத்திருங்கள். இன்னொன்று, வீடியோக்களில் தேனையும் தக்காளி சாஸையும் முதலிலேயே ஊறல் மசாலாவில் சேர்க்கச் சொல்கிறார்கள். சர்க்கரை உள்ள எதுவும் கறி வேகும் முன்பே கருகும். அதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் பூசினால் போதும்.

நெஞ்சுக்கறி வேண்டாம். எலும்பு நீக்கிய தொடைக்கறியை ஒன்றரை அங்குலத் துண்டாக எடுங்கள். முதலில் உப்பு, எலுமிச்சை, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு போட்டு அரை மணி நேரம். பிறகு துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் மூன்று மணி நேரம். தயிர் தண்ணியாக இருந்தால் கறி வேகுமே தவிர சுடுபடாது. இங்கேயும் தண்ணீர்தான் எதிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் தணலில் வைக்காதீர்கள், கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே ஒரு விரல்கடை இடம் விட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் குடைமிளகாயும் வேறு கம்பியில் இருக்கட்டும், அவற்றின் நேரம் வேறு. மூங்கில் குச்சி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். இரும்புக் கம்பி இன்னும் நல்லது, கம்பி வழியாகச் சூடு உள்ளேயும் போகும். பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். வடிகிற நீர் தெளிவாக இருந்து, சதையில் ரோஜா நிறம் இல்லாவிட்டால் இறக்கலாம்.

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை ஆடு வீட்டில் அறுக்கிற நாளில் மட்டனிலும் முயலலாம். அரைக் கிலோவுக்கு ஒரு கரண்டி பச்சைப் பப்பாளி விழுது, ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பெயின் கறியின் நாரை அறுக்கும். ராத்திரி முழுக்க விட்டால் கறி கூழாகிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு மழை நாளில் நான் கரி அடுப்பைச் சமையலறைக்குள் கொண்டுவந்து, சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலையும் சாத்திவிட்டேன். புகை இல்லையே என்ற தைரியம். இருபது நிமிடத்தில் தலை பாரமாகி, கால் பின்னியது. என் பெண் குழம்பு கேட்டு வந்து கதவைத் திறந்ததால் பிழைத்தேன். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எந்தக் காரணத்துக்காகவும் கரியை வீட்டுக்குள் மூட்டாதீர்கள். மழை வந்தால் அன்றைக்குத் தோசைக்கல்லில் சுட்டுக்கொள்ளலாம்.

பெங்களூரா ஜூலை வரைக்கும் கிடைக்கும். அடுத்த ஞாயிறு முதலில் ஓட்டை மட்டும் செய்து, ஆறியதும் அடியைத் தட்டிப் பாருங்கள். என்ன சத்தம் வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா