அமைதியான வெஸ்ட் கோஸ்ட் ஜாஸ் பாணியில் இன்றைக்கு வாசிப்பவர்களின் சுயாதீன ஆல்பங்களை ஹட்டனில் இருந்துகொண்டு எப்படித் தேடிப் பிடிப்பது?

1950களில் கலிபோர்னியாவில் இந்தப் பாணியில் வாசித்த செட் பேக்கர், ஜெரி மலிகன் இருவரையும் கேட்டுப் பிடித்துப்போய், அதே நிதானத்தில் இன்றைக்கு யார் வாசிக்கிறார்கள் என்று தேடினால் கோப்பிக்கடைப் பின்னணி இசைதான் வந்து விழுகிறது என்கிறீர்கள். விழத்தான் செய்யும். பாணியின் பெயரைப் போட்டுத் தேடுவதை விட்டுவிட்டு, வாசிக்கிற ஆளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

காரணம் எளிது. இந்த அமைதியான ஜாஸுக்குப் போடும் 'கூல் ஜாஸ்' என்ற குறிச்சொல்லை ஒட்டுவது பாட்டை ஏற்றுகிற ஆளேதான். அவர் எதையும் ஒட்டலாம். 'வெஸ்ட் கோஸ்ட்' என்று தட்டினால் பாதி ஹிப்ஹாப் வரும். மீதியில் ஒரு பங்கு 1950களின் பழைய பதிவுகள், புது அட்டை போட்டவை. ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான பதிவுகளின் உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யாரும் அவற்றை மறுபடி விற்கலாம். இன்னொரு பங்கு வாசித்த ஆளே இல்லாத, கணினியில் செய்த இசை. அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்: ஆல்பம் பக்கத்தில் பாஸ் யார், டிரம்ஸ் யார், எந்த ஸ்டூடியோ, எந்தத் திகதி என்று ஒரு வரியும் இருக்காது. எல்லாப் பாட்டும் இரண்டரை நிமிடத்துக்குள் முடியும். மாதம் ஒரு ஆல்பம் வரும். ஜாஸ் வாசிக்கிறவர் தன்னோடு வாசித்தவர் பெயரைப் போடாமல் ஆல்பம் விடுவது அபூர்வம்.

தேடலுக்கு முன் ஒரு விசயம். இதைச் சரி செய்யாவிட்டால் நல்ல ஆல்பத்தையே தள்ளிவிடுவீர்கள். 1952ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'தி ஹேக்' என்ற சின்னக் கிளப்பில் மலிகனும் பேக்கரும் வாசித்த நால்வர் குழுவில் பியானோ கிடையாது. பாரிடோன் சாக்ஸபோன் ஒன்று, டிரம்பெட் ஒன்று, பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். ஒருவர் ஊதும்போது மற்றவர் சும்மா நிற்பதில்லை, அடியில் வேறொரு இழையைப் பின்னிக்கொண்டே போவார். ஸ்வரக்கட்டை (கோர்ட்) தாங்கிப்பிடிக்கிற பியானோவின் வேலையை பாஸ் ஒன்றே செய்கிறது. அந்தப் பாஸின் அடித் தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த ஆழம் அறவே வராது. போனைச் சட்டைப்பையில் போட்டுக் கேட்டால் தளம் இல்லாத வீடு மாதிரி, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் ஊதுகிற மாதிரித்தான் இருக்கும். 'போரடிக்கிறது' என்று பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

டிரம்ஸிலும் இதே கதை. இந்தப் பாணியில் குச்சியைவிட பிரஷ்ஷுக்கு வேலை அதிகம். கம்பித் துடைப்பம் போன்ற அந்தப் பிரஷ்ஷை ஸ்னேர் என்ற சின்ன டிரம்மின் தோலில் வட்டமாக இழைப்பார்கள். சுளகில் அரிசி புடைக்கிற சத்தம் போல சர், சர் என்று ஓடும். தப்பு மேளச் சத்தத்தில் வளர்ந்த நம் காதுக்கு முதலில் அது மேளமாகவே படாது. ஜூன், ஜூலையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தகரக் கூரையில் மழை விழும்போது அந்தச் சத்தம் மொத்தமாக முங்கிவிடும். காதை மூடுகிற ஹெட்போன் போடுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்பில் ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பு 'லவுட்' என்றிருந்தால் மாற்றுங்கள். மெல்ல வாசித்ததையும் ஓங்கி வாசித்ததையும் அது ஒரே மட்டத்துக்குத் தட்டிவிடும்.

இனித் தேடல். வாசிப்பவர்கள் தங்கள் ஆல்பங்களை நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் டிஸ்கவர் பகுதியில் ஜாஸைத் தேர்ந்து, ஊரை லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். தேடல் பெட்டியில் மனநிலைச் சொல்லுக்குப் பதில் வாத்தியத்தை ஆங்கிலத்தில் தட்டுங்கள்: பாரிடோன் சாக்ஸ், வால்வ் டிராம்போன், செலோ, 'பியானோலெஸ் குவார்டெட்' (பியானோ இல்லாத நால்வர் குழு). 'ரிலாக்சிங்' என்று போட்டால் குப்பை வரும், 'வால்வ் டிராம்போன்' என்று போட்டால் மனிதர்கள் வருவார்கள். ஒன்று பிடித்துவிட்டால், பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். ஒருவரைத் தட்டினால் அவருடைய முழுச் சேகரிப்பும் திறக்கும். ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தவரை விடுங்கள். நூறு, நூற்றைம்பது மட்டும் வைத்திருப்பவரைப் பாருங்கள், தெரிந்து வாங்கியிருப்பார்.

பிறகு ஆள் சங்கிலி, அதாவது ஒருவரைப் பிடித்து அவரோடு வாசித்தவருக்குப் போவது. தலைவரைவிட டிரம்மரையும் பாஸ்காரரையும் பிடிப்பது இலாபம், அவர்கள்தான் பல பேருடைய ஆல்பங்களில் வாசிப்பார்கள். உதாரணத்துக்கு பிரஷ் வாசிப்பில் பெயர்பெற்ற ஜெஃப் ஹாமில்டனை எடுங்கள். அவரது ட்ரியோ (மூவர் குழு) ஆல்பங்கள் சில, அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கேப்ரி ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளில் (வெளியீட்டு நிறுவனத்தில்) வந்தவை. அதே லேபிளில் கிட்டார்காரர் கிரஹாம் டெக்டரின் 2009 ஆல்பம் 'ரைட் ஆன் டைம்' இருக்கிறது, டிரம்ஸ் ஹாமில்டன்தான், பாஸ் ஜான் கிளேட்டன், பியானோ தாமிர் ஹெண்டல்மன். அங்கிருந்து ஹெண்டல்மனின் சொந்த ட்ரியோவுக்குப் போகலாம். (இது மலிகன் வழியைவிடக் கொஞ்சம் ஸ்விங் தூக்கலானது. ஆனால் பிரஷ்ஷைக் காதுக்குப் பழக்க இதைவிட நல்ல வாசல் இல்லை.) டிரம்மர் பீட்டர் எர்ஸ்கின் தன் சொந்த லேபிள் ஃபஸி மியூசிக்கில் வெளியிடுகிறார், சியாட்டிலில் ஒரிஜின் ரெக்கார்ட்ஸை 1997ல் தொடங்கியவரும் ஜான் பிஷப் என்ற டிரம்மரே. பார்சிலோனாவின் ஃப்ரெஷ் சவுண்ட் லேபிள் பழைய வெஸ்ட் கோஸ்ட் பதிவுகளைத் தேடித்தேடி மறுவெளியீடு செய்யும். அதன் 'நியூ டேலண்ட்' வரிசை இன்றைய இளையவர்களுக்கானது. இணையத்தில் உள்ள பழைய பதில்களில் சிடி பேபி என்ற இணையக் கடையில் தேடச் சொல்லியிருப்பார்கள், அந்தக் கடையை 2020ல் மூடிவிட்டார்கள்.

ரேடியோவையும் மறக்கவேண்டாம். கலிபோர்னியாவின் கேசிஎஸ்எம் நாள் முழுக்க ஜாஸ் ஒலிபரப்புகிறது, இணையத்தில் கேட்கலாம். அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 9.30; அவர்கள் கோடையில் மணியை முன்னே தள்ளும் மாதங்களில் 8.30. பிடித்த பாட்டு வந்தால் நேரத்தைக் குறித்துவைத்து, பிறகு நிலையத்தின் பாடல் பட்டியலில் பெயரைப் பாருங்கள்.

டேட்டா கணக்கு: பேண்ட்கேம்பில் இலவசமாகக் கேட்பது 128 கேபிபிஎஸ், 45 நிமிட ஆல்பத்துக்கு 43 எம்பி அளவு. வாங்கிய பிறகு எம்பி3 320ல் இறக்கினால் சுமார் 108 எம்பி, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பு என்றால் 200க்கு மேல். மலைமடிப்பில் டவர் விட்டுவிட்டு வருகிற இடத்தில் ஃப்ளாக் ஜிப் பாதியில் அறுந்தால் கோப்பு திறக்காது. ஆப்பில் வாங்கியதை இறக்கி வைப்பதோ, நைட் டேட்டாவில் எம்பி3 எடுப்பதோ நல்லது. பணம் கட்ட வங்கி டெபிட் கார்டு போதும். மறுக்கப்பட்டால் பெரும்பாலும் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறக்கப்படாததே காரணம், வங்கியிடம் சொல்லித் திறந்துகொள்ளுங்கள். 'பேண்ட்கேம்ப் வெள்ளி' அறிவிக்கிற நாட்களில் தளம் விற்பனையில் தன் பங்கை எடுக்காது, அது வாசித்தவருக்கே போகும். கலிபோர்னிய நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதால் நமக்கு அது வெள்ளி பகல் 12.30 அல்லது 1.30.

இசைத்தட்டுக்கு ஆசைப்பட்டால், தட்டின் விலையைத் தபால் செலவு தாண்டக்கூடும் என்பதை முதலில் பாருங்கள். நுவரெலியாப் பனியில் அட்டை உறையில் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள்.