ஃபோர்ட்ரானா, சி++ஆ, ரஸ்டா?

அன்புள்ள ஐயா,

திரவ ஆர்கானின் 5,000 அணுக்களைப் பைத்தானில் சிமுலேஷன் செய்கிறேன். தாங்க முடியாத மெதுவு. சி++, ரஸ்ட், ஃபோர்ட்ரான், இவற்றில் எதைக் கற்றுக்கொண்டு மாற்றி எழுதலாம்?

ஓர் ஆய்வு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சிப்ரொஃபைலை (எந்த ஃபங்ஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பைத்தான் கருவி) ஓட்டி நேரம் எங்கே போகிறதென்று பாருங்கள். அநேகமாக விசை கணக்கிடும் இரட்டை லூப்பாகத்தான் இருக்கும். 5,000 அணு என்றால் ஒரு படிக்கு ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஜோடிகள். லெனார்ட்-ஜோன்ஸ் விசையை (அணுக்களுக்கிடையிலான ஈர்ப்பு-விலக்கு விசை) வழக்கம்போல 2.5 சிக்மாவில் (சிக்மா என்பது ஏறத்தாழ அணுவின் விட்டம்) வெட்டினால், திரவ அடர்த்தியில் ஓர் அணுவுக்குச் சுமார் 55 பேர்தான் உண்மையான அண்டை வீட்டார். பெட்டியை வெட்டுதூரத்துக்குக் குறையாத அறைகளாகப் பிரித்து, தன் அறையையும் சுற்றியுள்ள 26 அறைகளையும் மட்டும் தேடுங்கள். இதைச் செய்யாமல் ரஸ்டுக்குப் போனால் வீண்வேலை வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் நம்பாவிடம் (Numba, பைத்தான் ஃபங்ஷனை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) கொடுங்கள். அணுக்களை கிளாஸ் ஆப்ஜெக்ட்களின் லிஸ்டாக வைத்திருந்தால் நம்பை (NumPy, பைத்தானின் எண்கணக்கு நூலகம்) அரேயாக மாற்றியாக வேண்டும். முதல் அழைப்பில் கம்பைல் நேரமும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவதிலிருந்து அளக்க வேண்டும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

போதவில்லை என்றால் என் ஓட்டு ஃபோர்ட்ரானுக்கு. 1957இல் வந்த மொழி என்று முகம் சுளிக்காதீர்கள். ஒரு சப்ரூட்டீன் மாற்றி எழுதும் அரே இன்னொன்றோடு நினைவகத்தில் மேற்படியாது என்பது அங்கே விதி. கம்பைலர் தயங்காமல் வெக்டரைஸ் செய்யும், அதாவது பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும். சி மொழியில் அதற்கு 'ரெஸ்ட்ரிக்ட்' எழுத வேண்டும். சி++ தரநிலையில் அதுவும் இல்லை. பைத்தானோடு இணைக்க எஃப்2பை நம்பையுடனேயே வருகிறது.

சிக்கல் அரே அடுக்கில். நம்பை நிரை நிரையாக (row) அடுக்கும், ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக (column). அப்படியே அனுப்பினால் எஃப்2பை ஒவ்வொரு அழைப்பிலும் சத்தமில்லாமல் நகலெடுக்கும். கிடைத்த வேகத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். 3×5,000 வடிவில், 'எஃப்' (ஃபோர்ட்ரான்) வரிசையில், 64 பிட்டில் உருவாக்குங்கள். ஓர் அணுவின் மூன்று ஆயங்களும் அருகருகே அமரும்.

முதலில் அரே எல்லைச் சோதனையோடு கம்பைல் செய்து, விடை சரியான பிறகே ஓ3 (கம்பைலரின் வேகமூட்டும் நிலை). ஃபாஸ்ட்-மேத் என்ற தேர்வின் பக்கம் போகாதீர்கள்: அது NaN ('எண் அல்ல') மதிப்பே வராது என்று எடுத்துக்கொள்வதால், ஆற்றல் வெடித்ததைப் பிடிக்க நீங்கள் வைத்த சோதனையையே கம்பைலர் நீக்கிவிடலாம்.

மரங்கள், மாறும் வலைகள், கூடா (CUDA, கிராஃபிக்ஸ் அட்டையில் கணக்கிடும் முறை) என்று போகிறவர்களுக்கு சி++ சரி. ரஸ்ட் நல்ல மொழிதான். ஆனால் அதன் 'பாரோ' (நினைவகத்தை யார் எப்போது தொடலாம் என்ற) விதிகளோடு மல்லுக்கட்ட ஆய்வேட்டின் நடுக்காலம் தோதான நேரமல்ல.