ஊட்டிக் குளிரில் வேர்க்கிறதா? வண்டியை ஓரங்கட்டுங்கள்

நீலகிரி ஓட்டுநர்கள் சுகர், இதயம் பற்றிக் கேட்டவை. பதில் சொல்பவர் அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்.

குன்னூர், டாக்ஸி ஓட்டுநர்: சிஸ்டர், மாத்திரை போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் பர்லியார் பக்கம் கை நடுங்கி வேர்க்கிறது. சவாரி நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறேன். சரிதானே?

சரியில்லை அண்ணா. விட்டது மாத்திரையையா, காலைச் சாப்பாட்டையா? கிளிமிபிரைடு வகை மாத்திரை, வயிறு காலியாக இருந்தாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை இப்படி இறங்குவது அபூர்வம். மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டி, "நான் மலையில் வண்டி ஓட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். மாத்திரையோ அளவோ மாற்ற வழி உண்டு.

நடுக்கம் வந்தால் வளைவு தாண்டட்டும் என்று பார்க்காதீர்கள். இடம் கிடைத்ததும் நிறுத்தி, 3 ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் மீட்டரில் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி குடியுங்கள். சரியான பிறகும் 45 நிமிடம் பொறுத்துத்தான் ஸ்டியரிங். வர்க்கி பிஸ்கட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கேரட்டும் அந்த நேரத்துக்கு ஆகாது. கிளம்பும் முன் 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லவ்டேல், ஸ்கூல் வேன்: விடியற்காலையில் சுகர் மீட்டர் எரர் காட்டுகிறதே?

குளிர் தம்பி. பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் உறைபனி இரவில் அதை வண்டியிலேயே விடக் கூடாது. உறைந்துபோனால் உருகிய பிறகும் பயன்படாது.

கோத்தகிரி, தேயிலை லாரி: பத்து வருஷமாக சுகர். மூட்டை ஏற்றினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சுவலி கிடையாது, கேஸ்தான் என்கிறார்கள்.

யார் என்கிறார்கள், சோடாக் கடைக்காரரா? நெடுநாள் சுகரில் நரம்பு மந்தமாகிவிடும், மாரடைப்பே வலிக்காமல் வரலாம். ஒரு ஜனவரி காலை ஒரு ஓட்டுநர் எங்கள் வார்டுக்கு நடந்தே வந்தார். ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. "கேஸ் ஊசி போடுங்க சிஸ்டர், சவாரி நிக்குது" என்றார். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது, இந்த மனிதருக்கு வேர்க்கிறது! ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு.

நீங்கள் இந்த வாரமே ஈசிஜி எடுங்கள், அதுவரை மூட்டை தூக்க வேண்டாம். திடீரென வேர்வை, மூச்சுத்திணறல், தாடை வலி என்றால் நீங்களே ஓட்டிக்கொண்டு போகாமல் 108-ஐ அழையுங்கள். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதலில் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

கூடலூர், பஸ் ஓட்டுநர்: சிகரெட்டை விடாமல் மாத்திரை மட்டும் போட்டால்?

போதாது.

உதகை, ஓட்டுநரின் மனைவி: ஸ்டாண்டில் ஆறு டீ குடிக்கிறார். குளிருக்கு இதமாம். வீட்டில் சர்க்கரையே தொடுவதில்லை என்று பெருமை வேறு.

கிளாஸுக்கு 2 ஸ்பூன் என்றாலே 12 ஸ்பூன், ஏறக்குறைய 50 கிராம். வீட்டில் மிச்சம் பிடித்ததை ஸ்டாண்டில் செலவழிக்கிறார் அம்மா! டீயை நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார். நாளைக்கே டீக்கடைக்காரரிடம் நீங்கள் போய், "இவருக்குச் சர்க்கரை இல்லாமல்" என்று சொல்லிவிடுங்கள்.