பிரஷர் நார்மல், வால்வு நார்மல் இல்லை
(இதய வால்வு பற்றி வாசகர் கேள்வி, டாக்டர் பதில்)

வயது 71. அயோர்டிக் வால்வில் சிவியர் ஸ்டெனோசிஸ் என்கிறார்கள். பிரஷர் 130/80தான், ஒரு தொந்தரவும் இல்லை. மாடிக்குப் போவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. எதற்கு ஆபரேஷன்?

அயோர்டிக் வால்வு, இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசல். ஸ்டெனோசிஸ் என்றால் அந்த வாசல் சுருங்கிவிட்டது. கையில் பட்டை கட்டி அளக்கும் 130, வால்வைத் தாண்டி வந்த ரத்தத்தின் அழுத்தம். உங்கள் எக்கோவில் (இதய ஸ்கேன்) வால்வுக்கு இரு பக்கமும் 70 வித்தியாசம் இருக்கிறது. அப்படியானால் இடது கீழறைக்குள் சுமார் 200! மூன்று, நான்கு சதுர செ.மீ. இருக்க வேண்டிய திறப்பு உங்களுக்கு 0.8. அதன் வழியே முக்கித் தள்ளியே இதயச் சுவர் தடித்துவிட்டது. தொந்தரவு இல்லை என்று எழுதிவிட்டு, மாடிக்குப் போவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் நிறுத்தினீர்கள்? மூச்சு வாங்கியதால்தானே! அதுதான் தொந்தரவு. தள்ளிப்போடாதீர்கள். மாத்திரை வாசலை அகலப்படுத்தாது.

எனக்கும் அயோர்டிக் வால்வு சுருக்கம்தான். நெஞ்சு வலித்தால் கணவரின் சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கலாமா?

வேண்டாம். அது ரத்தக்குழாயை விரிக்கும் நெஞ்சுவலி மாத்திரை. பிரஷர் சட்டென்று இறங்கும், சிறுத்த வால்வு ஈடுகொடுக்காது, மயங்கி விழுவீர்கள். அவர் மாத்திரை அவருக்கு.

வால்வில் கொஞ்சம் சுருக்கம். என்ன சாப்பிடலாம்?

எந்த வால்வு? இதயத்தில் நான்கு இருக்கின்றன. வயது இல்லை, எக்கோ ரிப்போர்ட் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

வயது 26. கர்ப்பமாக இருந்தபோது மைட்ரல் சுருக்கம் தெரிந்து, பலூன் போட்டு விரித்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். 21 நாளுக்கு ஒருமுறை போட்ட பென்சிலினை நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. இதை எத்தனை முறைதான் எழுதுவது! மைட்ரல், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு. பலூன் விரித்தது அதில் ஏற்கெனவே ஒட்டிப்போன இதழ்களை. ஒட்ட வைத்தது சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல். அது திரும்ப வந்தால் வால்வு இன்னும் கெடும். ஊசி அதைத் தடுக்கத்தான். வால்வு பழுதானவர்களுக்குக் குறைந்தது 40 வயது வரை, சிலருக்கு அதற்கு மேலும்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வலிக்கிற ஊசி அது. வெள்ளை மருந்து கெட்டியாக இருக்கும், கலக்கிவிட்டுச் சற்று நின்றால் ஊசியை அடைக்கும். அதனாலும் அலர்ஜி பயத்தாலும் "எங்களிடம் போடுவதில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பும் கிளினிக்குகள் உண்டு. நானே கைப்பட எழுதிக்கொடுத்த சீட்டோடு ஒரு பெண் மூன்று இடம் அலைந்து, ஊசி போடாமலே என்னிடம் திரும்பி வந்தாள். கடுமையான அலர்ஜி மிக அபூர்வம். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறல் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு ஊசிக்குப் பதில் பென்சிலின் மாத்திரை தருவோம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த குழந்தைக்கு முன் ஒரு எக்கோவும் எடுத்துவிடுங்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் அயோர்டிக் வால்வில் படிந்த கால்சியம் கரையுமா?

கரையாது. மேலே சொன்னதுதான்: மாத்திரை வாசலை அகலப்படுத்தாது.

அப்பாவுக்கு 80. நெஞ்சைத் திறக்காமல் அயோர்டிக் வால்வு மாற்றலாம் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். 2002இல் பிரான்ஸில் அலன் கிரிபியே முதன்முதலில் செய்தது. இப்போது பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியாக. செலவு மட்டும் கையைக் கடிக்கும். முதலில் சி.டி. எடுத்து வால்வின் அளவும் தொடைக் குழாயின் அகலமும் பார்ப்பார்கள். அப்புறம், ஆடும் பல், சொத்தைப் பல் இருந்தால் முன்கூட்டியே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வாய்க்கிருமி ரத்தத்தில் கலந்தால் புது வால்வில் போய் ஒட்டும்.